பனி விழும் அமைதி: சொல் இன்மையா, இலக்கண மறதியா?

1. சிக்கல்

பனி பொழியும் நாடுகளின் இலக்கியத்தைத் தமிழில் பெயர்ப்போர் பொதுவாகக் கூறும் குறை ஒன்று உண்டு. வானிலிருந்து வெண்துகள்களாக இறங்கி நிலத்தை மூடும் பனிக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. ஆகவே அக்காட்சியின் அழகும் தமிழுக்கு வாராது என்பதே அது. இக்கூற்றின் முற்பகுதி ஓரளவு உண்மை. பிற்பகுதி உண்மையன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. பனிப்பொழிவைச் சித்திரிக்கும் சிறந்த உரைநடைப் பகுதிகளில் அழகு பெயர்ச்சொல்லை மட்டும் சார்ந்து நிற்பதில்லை. எழுவாயைச் சொல்லாது விடுதல், ஒரே வினையை மீண்டும் மீண்டும் வழங்குதல், ஓசையின்மையைக் குறிப்புச்சொல்லால் உணர்த்துதல் ஆகிய மொழிக்கூறுகளையே அது பெரிதும் சார்ந்துள்ளது. இவற்றுக்கு நிகரான வாயில்கள் தமிழில் உள்ளன. ஆயினும் ஆங்கிலத்தின் வழியாகவும் ஆங்கிலத் தொடரமைப்பை ஒட்டியும் பெயர்க்கும் பழக்கத்தால் அவை பயன்படாமல் கிடக்கின்றன. யசுனாரி கவாபாத்தாவின் ‘யுகிகுனி’ (பனிநாடு) என்னும் ஜப்பானியப் புதினத்தையும், ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘தி டெட்’ (இறந்தோர்) என்னும் ஆங்கிலச் சிறுகதையையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

2. சொல் எண்ணிக்கை பற்றிய மயக்கம்

பனிக்குரிய சொற்களை எண்ணிப் பார்த்து மொழிகளை மதிப்பிடும் வழக்கம் மொழியியலில் நெடுநாள் நிலவியது. ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் வெளிவந்த அமெரிக்க இந்திய மொழிகளின் கையேட்டு முன்னுரையில் எஸ்கிமோ மொழியின் நான்கு வேர்ச்சொற்களைக் காட்டினார். தரையில் கிடக்கும் பனி, விழும் பனி, காற்றில் அலையும் பனி, காற்றால் குவிந்த பனி ஆகியவற்றை அவை தனித்தனியே குறிக்கும். பெஞ்சமின் லீ வோர்ஃப் 1940இல் இதனைத் தம் கொள்கைக்குச் சான்றாக எடுத்தாண்டார். பின்னர் எண்ணிக்கை வாய்மொழியாகவும் இதழ்களின் வாயிலாகவும் பெருகியது. லாரா மார்ட்டின் 1986இலும் ஜெஃப்ரி புல்லம் 1989இலும் இப்பெருக்கத்தைக் கடுமையாக மறுத்தனர். ஒட்டுநிலை மொழியில் ஒரு வேரிலிருந்து எத்தனை சொல்லும் ஆக்கலாம். அங்குச் சொற்களை எண்ணுவதே பொருளற்றது என்பது அம்மறுப்பின் சாரம்.

ஆயினும் சூழலுக்கும் சொல்லாட்சிக்கும் தொடர்பே இல்லை எனத் தள்ளிவிடவும் இயலாது. டெர்ரி ரெகியர் முதலியோர் 2016இல் பல மொழிகளை ஒப்பிட்டு, பொழியும் பனிக்கும் நீர் உறைந்த கட்டிக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழிகள் வெப்பமான பகுதிகளிலேயே மிகுதி எனக் காட்டினர். அங்கு அவ்வேறுபாட்டைப் பேச வேண்டிய தேவை குறைவு. எனவே சொல் இன்மை என்பது தேவையின் அளவைக் காட்டுமேயன்றி, உணரும் ஆற்றலின் குறைவைக் காட்டாது. மொழிபெயர்ப்பாளர் கொள்ளவேண்டிய முதற்பாடம் இது.

3. ‘பனி’ என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் ‘பனி’ என்பது அதிகாலையில் புல்நுனியில் நிற்கும் துளியையும், காற்றில் மிதக்கும் மூட்டத்தையும், குளிரையும் ஒருசேரக் குறிக்கும். முன்பனி, பின்பனி என ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டு இப்பெயரைத் தாங்கியுள்ளன. வினையாகும்போது ‘பனித்தல்’ நடுங்குதலையும் கண்ணில் நீர் மல்குதலையும் உணர்த்தும். கன்னடத்தின் ‘ஹனி’ துளி என்னும் பொருளது. ஆகவே இச்சொல்லின் மையப்பொருள் குளிர்ந்த நுண்துளி எனக் கொள்ளலாம். இமயத்தின் உறைந்த பனியையும் பழந்தமிழர் இச்சொல்லாலேயே சுட்டினர். புறநானூற்றின் ஆறாம் பாடல் வடஎல்லையாகிய நெடுமலையைப் பனியுடையதாகக் கூறுகிறது. தாம் வாழ்ந்திராத நிலத்தின் பொருளுக்கும் தம் சொல்லை நீட்டிக்க அவர்கள் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

விவிலிய மொழிபெயர்ப்பாளர் வேறு வழியைக் கண்டனர். சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதலில் பொழியும் பனிக்கு ‘உறைந்த மழை’ என்னும் தொடர் ஆளப்பட்டுள்ளது. தரையில் படியும் உறைபனி ‘உறைந்த பனி’ எனப்பட்டது. வானிலிருந்து வருவது மழை, நிலத்தில் தோன்றுவது பனி என்னும் தமிழரின் பகுப்பு இதில் காக்கப்பட்டிருப்பது நுட்பமானது. கலைச்சொல் ஆக்கம் என்ற அளவில் இது போற்றத்தக்கதே. எனினும் ‘மழை’ என்ற சொல் தமிழ்க் காதில் இடியோடும் கூரையில் விழும் ஓசையோடும் வருவது. பொருளைத் தெளிவாக்கிய இத்தொடர் அமைதியை விலையாகக் கொடுத்துவிட்டது.

இக்காலத்தில் ‘வெண்பனி’, ‘பனிப்பொழிவு’, ‘உறைபனி’, ‘பனிக்கட்டி’ ஆகியன வேறுபாடின்றி மாறிமாறி வழங்கப்படுகின்றன. உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனி வானிலிருந்து விழுவதன்று, நிலத்தின்மேல் உருவாவது. அச்சொல்லைப் பொழியும் பனிக்கு ஆளுதல் பிழை. மேலும், இந்திய மொழிகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பில் இந்தி இடைநின்றால் வேறொரு சிக்கல் எழுகிறது. பாரசீகத்தில் ‘பர்ஃப்’ என்பது பொழியும் பனி. ‘யஃக்’ என்பது நீர் உறைந்த கட்டி. இந்தியில் ‘பர்ஃப்’ இரண்டையும் குறிக்கும். காசுமீரியின் ‘ஷீன்’ பொழியும் பனியையே குறிக்கும் சொல்லாயினும், இந்தியின் ‘பர்ஃப்’ வழியாகத் தமிழை அடையும்போது ‘பனிக்கட்டி’ ஆகிவிடும் வாய்ப்பு மிகுதி. மென்துகள் கட்டியாக மாறிய அத்தொடரில் அமைதி எங்ஙனம் நிற்கும்?

4. வினைத் தேர்வு

பெயரைவிட வினையிலேயே மொழிபெயர்ப்பாளர் மிகுதியும் வழுவுகின்றனர். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் அளவு விரைவில் நிலத்தை அடையும். பனித்துகள் நொடிக்கு 1 முதல் 2 மீட்டர் அளவிலேயே இறங்கும். புதிதாகப் படிந்த பனியில் பெரும்பகுதி காற்று. அதன் நுண்துளைகள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பனி தான் ஓசையின்றி விழுவதோடு, சுற்றுப்புறத்தின் ஓசையையும் குறைக்கிறது. இவ்வியல்பைத் தாங்கவல்ல வினை எது?

‘பொழிதல்’ நிறைவையும் மிகுதியையும் உணர்த்தும். தேன் பொழிதல், அருள் பொழிதல், சொற்பொழிவு ஆகிய வழக்குகள் இதனைக் காட்டும். செய்தி அறிக்கைக்குப் ‘பனிப்பொழிவு’ பொருந்தும். தனியே நின்று காண்பவன் உள்ளத்துக்குப் பொருந்தாது. ‘கொட்டுதல்’ கனத்தையும் ஒலியையும் உடன்கொண்டு வரும். ‘விழுதல்’ பொதுவினை, ஆயினும் தரையில் மோதுதலை ஓரளவு உள்ளடக்கும். ‘இறங்குதல்’ விரைவின்மையை உணர்த்தும். ‘பனி இறங்குகிறது’ என்பது பேச்சிலும் வழங்குவது. ‘உதிர்தல்’ இதழும் இலையும் போல எடையற்ற பொருள் பிரிந்து வருதலைக் காட்டும். ‘படிதல்’ வந்து சேர்ந்தபின் அசையாதிருத்தலைக் குறிக்கும். தூவானம், பூந்தூறல் முதலிய பெயர்களும் மென்மையாக விழும் நீருக்கு உரியவை. இத்துணைச் சொல்வளம் இருந்தும் ‘பொழிந்தது’, ‘கொட்டியது’ ஆகியவற்றையே நாடுவது பழக்கத்தின் விளைவு.

5. எழுவாய் இல்லாத் தொடர்

கவாபாத்தாவின் ‘யுகிகுனி’ 1935 முதல் இதழ்களில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1937இல் நூலாகி, 1948இல் இறுதி வடிவம் பெற்றது. எட்வர்ட் சைடென்ஸ்டிக்கரின் ஆங்கிலப் பெயர்ப்பு 1956இல் வெளிவந்தது. கதை நிகழுமிடம் நீகாத்தா மாநிலத்து யுஸாவா. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை ஏற்று மலைத்தொடரில் மோதுவதால், மலையின் மேற்குப்புறம் பனியில் மூழ்கும், கிழக்குப்புறம் வறண்டிருக்கும். 1931இல் திறக்கப்பட்ட ஷிமிஸு சுரங்கவழி இவ்விரண்டு உலகங்களையும் இணைத்தது. புதினம் அச்சுரங்கத்தைக் கடப்பதில் தொடங்குகிறது.

அதன் முதல் தொடரில் எழுவாய் இல்லை. கடந்தது யார், எது என்பது கூறப்படவில்லை. கடந்தவுடன் எதிர்ப்பட்ட நிலம் மட்டும் பயனிலையாக நிற்கிறது. இரண்டாம் தொடரில் இரவுக்கு ஓர் அடித்தளம் கற்பிக்கப்பட்டு, அது வெண்மையாக ஆனதாகக் கூறப்படுகிறது. மூன்றாம் தொடரில்தான் புகைவண்டி என்னும் சொல் எழுவாயாக வருகிறது. படிப்பவன் முதலில் வண்டியைக் காண்பதில்லை. வண்டியினுள் இருந்து பனியைக் காண்கிறான். ஆங்கிலப் பெயர்ப்பு முதல் தொடரிலேயே வண்டியை எழுவாயாக்கிவிட்டது. இரவின் அடித்தளமும் அங்கில்லை. இரவு வானின்கீழ் நிலம் வெண்மையாகக் கிடந்தது என்ற அளவில் அது மாறிவிட்டது. ஆங்கில இலக்கணம் எழுவாயை வேண்டுவதால் இது நேர்ந்தது எனலாம். அதற்காக மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இயலாது. ஆனால் விளைவு தெளிவு. பார்வை வண்டிக்கு வெளியே சென்றுவிட்டது. ஜப்பானிய மொழியை ‘ஆதல்’ மொழி என்றும் ஆங்கிலத்தைச் ‘செய்தல்’ மொழி என்றும் இகெகாமி யொஷிஹிகோ 1981இல் வேறுபடுத்தினார். இவ்விரு தொடர்களும் அவ்வேறுபாட்டுக்கு நல்ல விளக்கம் ஆகும்.

தமிழின் நிலை யாது? வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் ஈறு உண்டு. ஆகவே எழுவாயை விட்டாலும் ஈறு அதனைக் காட்டிவிடும் என்று தடை கூறலாம். ஆனால் இத்தடையைக் கடக்கத் தமிழில் மூன்று வாயில்கள் உள. முதலாவது, ‘மேட்டைத் தாண்டியதும் வயல்’ என்பது போன்ற தொடர். இதில் ‘தாண்டியதும்’ என்பது இடமும் பாலும் காட்டாது, ‘வயல்’ பெயர்ப்பயனிலை. தாண்டியவர் யார் என்னும் வினாவே எழுவதில்லை. ஆனால் இதில் காலம் வெளிப்படாது. அக்குறையை இரண்டாம் வாயில் தீர்க்கும். ‘வெளியே ஒரே இருட்டாக இருந்தது’ என்னும் தொடரில் ‘இருந்தது’ என்பதன் அஃறிணை ஈறு எப்பொருளையும் சுட்டுவதன்று. சூழல் முழுவதையும் தழுவி நிற்கிறது. இறந்தகாலமும் பெறப்படுகிறது. மூன்றாவது, நிறவினைகள். வெளுத்தல், கறுத்தல், சிவத்தல் ஆகியன செய்பவனை வேண்டாமல் ‘ஆதலை’ ஒரே சொல்லில் உணர்த்துவன. ‘கிழக்கு வெளுத்தது’ என்பது எந்தத் தமிழருக்கும் புதிதன்று. இரவின் அடித்தளத்துக்கும் இவ்வினை ஏற்கும்.

ஆக, ஆங்கிலம் இழக்க நேர்ந்ததைத் தமிழ் இழக்க வேண்டியதில்லை. ஆயின் ஆங்கிலப் பெயர்ப்பை மூலமாகக் கொள்பவருக்கு இவ்வாயில்கள் கண்ணில் படா. அவர்முன் இருப்பது வண்டியை எழுவாயாகக் கொண்ட தொடர். அதனை நேர்மையாகப் பெயர்த்தால் தமிழிலும் வண்டியே முதலில் வரும். இரு மொழிகளுக்கும் பொதுவான அமைப்பு, அஃது இல்லாத மூன்றாவது மொழியின் வழியே வந்ததால் அழிந்துபடுகிறது. ஜப்பானிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்திருப்பதால் இது சிறு இழப்பன்று.

6. மீண்டும் வரும் வினை

ஜாய்ஸின் ‘தி டெட்’, 1914இல் வெளிவந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுதியின் இறுதிக் கதை. மனைவியின் இளமைக்கால நினைவு ஒன்றைக் கேட்டறிந்த கணவன், அவள் உறங்கியபின் சாளரத்தின் அருகே பனி விழுவதைக் காண்கிறான். அயர்லாந்து முழுவதும், உயிருள்ளோர் மீதும் இறந்தோர் மீதும் பனி விழுகிறது. இவ்விறுதிப் பத்தியில் ‘விழுதல்’ என்னும் ஒரே வினையின் ஒரே வடிவம் ஏழு முறை வருகிறது. இருமுறை வினையும் அதன் அடையும் முன்பின்னாக இடம்மாறி உடனே மீள்கின்றன. ஏற்றமோ முடுக்கமோ இல்லாத இவ்வொழுங்கே பனியின் இயல்பைக் காதுக்குக் காட்டுகிறது.

தமிழ் உரைநடைப் பயிற்சியில் ஒரே சொல் அடுத்தடுத்து வருவது குறை எனக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை ‘விழுந்தது’, மறுமுறை ‘பொழிந்தது’, பின்னர் ‘இறங்கியது’, ‘சொரிந்தது’ என மாற்றிச் செல்வார். ஒவ்வொரு மாற்றமும் புதிய நிகழ்ச்சி ஒன்று தோன்றியதுபோன்ற உணர்வைத் தரும். பனியோ மாறுவதில்லை. சொல்வளத்தின் காட்சி, காணவேண்டிய காட்சியை மறைக்கிறது. தண்டியலங்காரம் கூறும் சொற்பொருள் பின்வருநிலையணி, ஒரே சொல் ஒரே பொருளில் மீண்டும் வருதலை அணியென்றே கொள்கிறது. நம் மரபு ஏற்ற ஒன்றைப் பள்ளிப் பயிற்சியின் அச்சத்தால் விலக்க வேண்டியதில்லை. அடையும் வினையும் இடம்மாறுவதில் மட்டும் தமிழுக்குக் கட்டுப்பாடு உண்டு. வினையடை வினைக்கு முன்வருவதே இயல்பு. எனினும் ‘மெல்ல விழுந்தது, விழுந்தது மெல்ல’ என்னும் முறைமாற்றம் செய்யுளிலும் உணர்ச்சிமிக்க உரைநடையிலும் ஏற்கப்படுவதே. பத்தி முழுவதும் ஆளாமல், மூலம் ஆளும் இரண்டு இடங்களில் மட்டும் ஆண்டால் அது செயற்கையாகத் தோன்றாது.

7. ஓசையின்மைக்கு ஓர் ஒலி

ஜப்பானிய மொழியில் ‘ஷின்ஷின்’ என்னும் இரட்டைச்சொல் உண்டு. பனி ஓசையின்றி விழுதலையும், இரவு ஆழ்ந்து செல்லுதலையும், குளிர் உடலில் ஊடுருவுதலையும் அது உணர்த்தும். ஒலியே இல்லாத ஒன்றுக்கு ஒலிக்குறிப்புப் போன்ற சொல் அமைந்திருப்பது வியப்பளிக்கலாம். ஆனால் தமிழ் இலக்கணத்துக்கு இது அயலான கருத்தன்று. தொல்காப்பியர் உரிச்சொல் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின்வழித் தோன்றும் என்றார். இரட்டைக்கிளவிகளையும் அம்மூன்றின்கீழ் வகைப்படுத்தலாம். ‘சலசல’, ‘தடதட’ இசை; ‘மினுமினு’, ‘கருகரு’ பண்பு. ‘பொலபொல’ என்பதோ விடியலுக்கும், கண்ணீருக்கும், பூ உதிர்தலுக்கும், இளகிய மண்ணுக்கும் வழங்கும். அங்கு ஒலி இல்லை. ‘ஷின்ஷின்’ என்பதற்கு அமைப்பால் நெருங்கியது இதுவே. ஆயினும் இதில் ஒரு விரைவு உண்டு. பெரும்பனி நெடுநேரம் விழும் அமைதிக்கு அது மிகை.

வழக்கமாக ஆளப்படும் ‘ஓசையின்றி’, ‘சத்தமின்றி’ என்பன எதிர்மறைகள். இல்லை என்பதற்காகவேனும் ஓசையைப் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். உடன்பாட்டு வினையால் அமைதியைச் சுட்டுவது தமிழுக்கு இயல்வதே. ‘அடங்குதல்’ அத்தகையது. ‘ஊர் அடங்கியது’, ‘அரவம் அடங்கியது’ எனும்போது ஓசை குறைந்து குறைந்து தன்னுள் ஒடுங்குவது புலனாகிறது. பனி ஒலியை உறிஞ்சும் இயல்புக்கு இதைவிடப் பொருந்தும் வினை அரிது. ‘ஊரடங்கு’ என்னும் பெயர் அரசாணையின் சொல்லாகி, 2020ஆம் ஆண்டின் நோய்க்காலத்துக்குப்பின் அச்சத்தின் நிழலைப் பெற்றுவிட்டது. வினைவடிவம் அந்நிழலுக்கு இன்னும் முழுமையாக ஆட்படவில்லை. அதனை ஆள்வது அச்சொல்லைக் காப்பதுமாகும்.

8. அடைமொழியின் மிகை

வினையும் தொடரமைப்பும் கைவிடப்பட்ட இடத்தை அடைமொழிகள் நிரப்புகின்றன. ‘அழகிய வெண்ணிறப் பனி’, ‘பேரமைதி தவழும் பனிவெளி’ போன்ற தொடர்கள் காட்சியைத் தருவதற்கு மாறாக அதற்கு நற்சான்று வழங்குகின்றன. பனியை அழகெனச் சொல்வது யாருடைய குரல் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. கவாபாத்தாவின் கதை நிகழும் அதே பகுதியைச் சேர்ந்த ஸுஸுகி போகுஷி 1837இல் வெளியிடத் தொடங்கிய ‘ஹொகுயெத்ஸு ஸெப்பு’ என்னும் நூல், பனி குறைவாகப் பெய்யும் ஊரார் அதனைக் கண்டு மகிழ்ந்து பாடுவதையும், தம் நாட்டார் கூரையிலிருந்து அதனை அள்ளித் தள்ளியே ஓய்வதையும் ஒப்பிடுகிறது. கவாபாத்தா அந்நூலை அறிந்தவர். பனியின்மேல் விரித்து வெளுக்கப்படும் சிஜிமித் துணி பற்றிய பகுதிக்கு அதனையே பயன்படுத்தினார். அவருடைய கதைத்தலைவன் தோக்கியோவிலிருந்து வந்து செல்பவன். அவ்வூர்ப் பெண் அங்கேயே வாழ்பவள். பனியின் அமைதி இருவருக்கும் ஒன்றன்று. மொழிபெயர்ப்பாளர் ‘அழகிய’ என ஓர் அடையைச் சேர்த்தவுடன் வந்துசெல்பவனின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். மூலம் காத்த நடுநிலை அத்துடன் குலைகிறது.

9. முடிவுரை

பனிக்குரிய சொல் தமிழில் குறைவு என்பது உண்மையாயினும், அக்குறை மொழிபெயர்ப்பின் தோல்விக்குக் காரணமாகாது. சுருங்கக் கூறின்: (அ) பொழியும் பனிக்குப் ‘பனி’ அல்லது ‘வெண்பனி’ என ஒன்றைத் தெரிந்து நூல் முழுவதும் அதனையே ஆளுதல் வேண்டும், ‘உறைபனி’, ‘பனிக்கட்டி’ ஆகியவற்றை அவற்றின் பொருளுக்கே விட்டுவிடுதல் வேண்டும். (ஆ) வினையைத் தெரியும்போது விரைவும் எடையும் ஒலியும் கருதப்படல் வேண்டும். (இ) மூலம் எழுவாயை மறைத்தால் தமிழும் மறைத்தல் வேண்டும். அதற்கான வாயில்கள் உள. (ஈ) மூலம் ஒரே வினையை மீண்டும் ஆண்டால் தமிழும் அஞ்சாது ஆளுதல் வேண்டும். (உ) இடைமொழி ஒன்றின்வழிப் பெயர்க்க நேர்ந்தால், மூலமொழி அறிந்தார் ஒருவருடன் தொடரமைப்பையேனும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

இவற்றுள் இறுதியானது இன்று மேலும் இன்றியமையாதது. கணினி மொழிபெயர்ப்புக் கருவிகள் முன்பே உள்ள பெயர்ப்புகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்படுகின்றன. ஆங்கில எழுவாயைச் சுமந்த தமிழை நாம் மிகுதியாக எழுதினால், அதுவே தமிழின் இயல்பென அவை கற்றுக்கொள்ளும். ‘மேட்டைத் தாண்டியதும் வயல்’ என்னும் எளிய தொடரைப் பேசத் தெரிந்த மொழி, பனிநாட்டின் வாயிலில் நின்று தனக்குச் சொல் இல்லை என வருந்த வேண்டியதில்லை.